மணிக்கட்டை இருமுறை திருப்பினால்: கைபேசிச் சைகைச் செயலியை முதன்முறை செய்பவருக்கு

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன் வாங்கி விற்கும் என் சித்தப்பாவின் கைபேசித் திரை காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. கை நனைந்திருக்கும், விரலில் செதிள் ஒட்டியிருக்கும். யாருக்கு எத்தனை கிலோ, என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதைக் குரலிலேயே பதிந்து வைக்க அவர் விரும்பினார். திரையைத் தொடாமல், கைபேசியைப் பிடித்தபடி மணிக்கட்டைத் திருப்பியதும் பதிவு தொடங்கும் ஒரு செயலியை மூன்று வாரத்தில் செய்து தருவதாக நான் சொன்னேன். ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதத்தில் சைகையை இனங்காணும் நிரலை எழுதுவதற்குச் சென்றது நான்கு நாள் மட்டுமே. சைகை அல்லாதவற்றைச் சைகையென்று செயலி எண்ணிக்கொள்வதைத் தடுப்பதற்கும், வெளியீட்டுக்கான ஆவணங்களுக்கும், சோதனையாளர்களைத் தேடி அலைவதற்குமே மிகுதி நாள்கள் சென்றன.

நிரல் எழுத ஓரளவு தெரிந்து, ஆனால் அசைவுணரிகளை இதுவரை தொடாதவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அன்ட்ரொயிட் கைபேசியே எம்மிடையே அதிகம் என்பதால் விளக்கம் அதைச் சுற்றியே அமையும். ஐபோன் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்வேன்.

1. சைகையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு சைகையோடு தொடங்குங்கள். ஐந்து சைகைகளைத் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் ஒன்றையும் ஒழுங்காக முடிப்பதில்லை. நானும் அந்த வகையில்தான் முதல் மாதத்தைத் தொலைத்தேன்.

நல்ல சைகைக்கு இரண்டு பண்புகள் வேண்டும். செய்பவருக்கு அது எளிதாக இருக்க வேண்டும். அன்றாட அசைவுகளில் அது தற்செயலாக வந்துவிடக் கூடாது. கைபேசியைக் குலுக்குவது முதற்பண்பை நிறைவு செய்கிறது, இரண்டாவதில் தோற்கிறது. குண்டும் குழியுமான ஒழுங்கையில் சைக்கிள் ஓடினாலே சட்டைப் பையிலிருக்கும் கைபேசி குலுங்கும். மணிக்கட்டைத் திருப்புவது அவ்வளவு எளிதில் தானாக நிகழாது என்று எண்ணி அதைத் தெரிந்தெடுத்தேன். ஆனால், கைபேசியைப் பிடித்திருந்த கையாலேயே சித்தப்பா ஒருவரைப் பார்த்து "என்ன?" என்று கேட்டபோது மணிக்கட்டு தானாகத் திரும்பியது, பதிவும் தொடங்கியது. நாம் எல்லோரும் அப்படித்தான் கையைத் திருப்பிக் கேட்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை திருப்புவது இருமுறையானது அதன் பிறகே.

கைபேசியில் ஏற்கெனவே உள்ள சைகைகளோடு மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டரோலா கைபேசிகளில் மணிக்கட்டை இருமுறை திருப்பினால் கமரா திறக்கும்; வெட்டுவதுபோல் இருமுறை அசைத்தால் டோர்ச் எரியும். ஐபோனில் எழுதிக்கொண்டிருக்கும்போது குலுக்கினால் எழுதியதை நீக்கவா என்ற கேள்வி எழும். அத்தகைய கைபேசி வைத்திருப்பவரிடம் அந்த வசதியை அமைப்புகளில் நிறுத்திவிடும்படி சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சைகையால் நடக்கும் ஒவ்வொரு செயலுக்கும் திரையில் ஒரு பொத்தானும் இருக்க வேண்டும், சைகையை முற்றாக நிறுத்திவைக்கவும் முடிய வேண்டும். 2018இல் வெளிவந்த வலை அணுகல் வழிகாட்டி 2.1இன் 2.5.4ஆம் விதி இதையே கேட்கிறது. கை நடுங்குபவரும், கைபேசியைச் சக்கர நாற்காலியில் பொருத்தி வைத்திருப்பவரும் உங்கள் செயலியைப் பயன்படுத்தக் கூடும்.

2. கைபேசியில் என்ன உணரி இருக்கிறது என்று பாருங்கள்

ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறும் வீதத்தை, அளக்கும் உணரி ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளிலும் உண்டு. கோண வேகத்தை, அதாவது சுழலும் வேகத்தை, அளக்கும் கைரோஸ்கோப் மலிவான கைபேசிகள் பலவற்றில் இல்லை. சம்சுங் கைபேசியாயின் அழைப்புத் திரையில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும்; அதில் உணரிகளுக்கான பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சோதனைக்கென்று பழைய கைபேசி வாங்குவதானால் காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே இதைச் செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை, கைரோஸ்கோப் இல்லாத ஒன்று இப்போதும் என் மேசையில் கிடக்கிறது.

3. எண்களைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள்

நிரல் எழுதுமுன் இரண்டு மாலைப் பொழுதுகளை இதற்கு ஒதுக்குங்கள். ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வழங்கும் ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலி உணரிகளின் பெறுமானங்களை வரைபடமாகக் காட்டும். கோப்பாகவும் சேமித்துத் தரும்.

கைபேசியைத் திரை மேல்நோக்க மேசையில் வையுங்கள். அன்ட்ரொயிட்டில் திரைக்குச் செங்குத்தான இசெட் அச்சு ஏறத்தாழ 9.8 என்று காட்டும். அசையாத பொருளுக்கு ஏன் ஆர்முடுகல் என்று குழம்ப வேண்டாம். மேசை மேல்நோக்கித் தாங்கும் விசையையே உணரி உணர்கிறது, கைபேசி கையிலிருந்து விழும் கணத்தில் அது பூச்சியத்தை நெருங்கும். யாழ்ப்பாணத்தின் அகலாங்கில் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78, அன்ட்ரொயிட்டில் மாறிலியாகத் தரப்பட்டிருப்பது 9.80665. இந்தச் சிறு வித்தியாசத்தைத் திருத்தப் போகாதீர்கள், உங்கள் உணரியின் சொந்த வழு அதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, ஐபோன் ஆர்முடுகலை மீற்றர் அலகில் அல்லாமல் புவியீர்ப்பை 1 எனக் கொள்ளும் ஜி அலகில் தருகிறது, குறியும் நேரெதிர். மேசையில் கிடக்கும் ஐபோன் இசெட் அச்சில் மறை 1 என்று காட்டும். இரண்டாவது, அச்சுகள் கைபேசியின் உடலோடு ஒட்டியவை. திரையைக் கிடையாகத் திருப்பினாலும் எக்ஸ் அச்சு குறுக்குப் பக்கத்திலும் வை அச்சு நீள் பக்கத்திலும்தான் இருக்கும். மூன்றாவதில்தான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எல்லோரும் விழுகிறோம்: ஆர்முடுகலை இருமுறை தொகையிட்டால் கை சென்ற பாதை கிடைத்துவிடும், காற்றில் எழுதிய எழுத்தைக்கூட வாசித்துவிடலாம் என்று தோன்றும். உணரியில் 0.05 மீற்றர்/செக்கன்² அளவு நிலையான வழு இருந்தால், ஆர்முடுகலை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கும் அதே சமன்பாட்டின்படி 10 செக்கனில் 2.5 மீற்றர் பிழை சேர்ந்துவிடும். கைபேசி மேசையிலேயே கிடந்தாலும் அது அறையைத் தாண்டிப் போனதாகக் கணக்குச் சொல்லும். அந்த வழியில் போகாதீர்கள்.

மாதிரி எடுக்கும் வீதம் 50 ஹேர்ட்ஸ், அதாவது 20 மில்லிசெக்கனுக்கு ஒன்று, கைச்சைகைகளுக்குப் போதும். அன்ட்ரொயிட்டில் விளையாட்டுகளுக்கென்று பெயரிடப்பட்ட வீதம் இதுவே. சாதாரண வீதமென்று பெயரிடப்பட்டது 200 மில்லிசெக்கன், அதில் விரைவான திருப்பல் முழுதாக நழுவிவிடும். அன்ட்ரொயிட் 12இலிருந்து 200 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதற்குத் தனி அனுமதி அறிவிக்க வேண்டும். நீங்கள் கேட்கும் வீதம் ஒரு வேண்டுகோள் மட்டுமே என்பதால் இடைவெளிகள் சீராக வராது. ஒவ்வொரு அளவீட்டோடும் வரும் நேரமுத்திரையைக் கட்டாயம் சேமித்து, அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. தரவைச் சேர்க்கும்போது சைகை அல்லாததையும் சேருங்கள்

முதல் இரண்டு மாதம் என் கையசைவை மட்டும் பதிந்து, என் கையசைவிலேயே சோதித்து, எல்லாம் சரியென்று மகிழ்ந்திருந்தேன். அம்மம்மாவின் கையில் கொடுத்தபோது செயலி ஒருமுறைகூட எழும்பவில்லை. அவர் மெதுவாகத் திருப்பினார், அவ்வளவுதான்.

ஆகவே குறைந்தது எட்டுப் பேரையாவது சேருங்கள். வயதில் மூத்தவர் இருவர், இடதுகைப் பழக்கமுள்ளவர் ஒருவர், கைபேசியை உறையோடு பிடிப்பவர் ஒருவர் அதில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் சைகையை 30 முறை செய்யட்டும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். பத்துமுறைக்குப் பிறகு கை இயந்திரம்போல் ஒரே அளவில் திரும்பத் தொடங்கிவிடும், அந்தச் சீரான தரவு உங்களை ஏமாற்றும். இருந்தும் நின்றும் நடந்தும், வலக்கையிலும் இடக்கையிலுமாகப் பிரித்து எடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனிக்கோப்பு வைத்து, அதன் பெயரிலேயே ஆளுக்கான எண்ணையும் கையையும் நிலையையும் குறித்துவிடுங்கள். பெயர்களைக் கோப்பில் எழுத வேண்டாம். பல்கலைக்கழகச் செயற்றிட்டமாயின், எதைப் பதிகிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று விளக்கும் ஒரு பக்கச் சம்மதப் படிவத்தில் பதிவுக்கு முன்பே கையொப்பம் வாங்குங்கள்; அறிக்கை எழுதும் நேரத்தில் எட்டுப் பேரையும் மீண்டும் தேடிப் பிடிப்பது எளிதன்று.

சைகை அல்லாத அசைவுகளுக்கு இதைவிட அதிக நேரம் கொடுங்கள். நான் எடுத்தவை: பருத்தித்துறை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரு பயணம், மோட்டார் சைக்கிளில் சட்டைப் பையில், சாரத்து மடியில் செருகியபடி நடை, மேசையில் போடுதல், அழைப்புக்காகக் காதுக்குக் கொண்டுபோதல், கைக்குக் கை மாற்றுதல், பொலித்தீன் பையிலிருந்து உருவியெடுத்தல். கடைசி இரண்டும்தான் மணிக்கட்டுத் திருப்பலுக்கு மிக நெருக்கமான வரைபடத்தைத் தந்தன. இவற்றில் பல மணி நேரப் பதிவு கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. எளிய முறையில் தொடங்குங்கள்

இயந்திரக் கற்றல் இல்லாமல் எதுவும் முடியாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒரு சைகைக்கு எல்லைப் பெறுமானமும் நிலைமாற்றமும் பெரும்பாலும் போதும். பிழைத்தால் எங்கே பிழைத்தது என்றும் உங்களால் பார்க்க முடியும்.

கைபேசியைப் பிடித்து முன்கையை நீட்டியிருக்கும்போது அதன் வை அச்சு முன்கையின் திசையோடு ஏறத்தாழ ஒன்றிப்போகிறது. ஆதலால் மணிக்கட்டைத் திருப்பினால் கைரோஸ்கோப்பின் வை அச்சுப் பெறுமானமே பெரிதும் எழும்பும். 90 பாகையை 0.2 செக்கனில் திருப்பினால் சராசரிக் கோண வேகம் ஏறத்தாழ 7.9 ஆரையன்/செக்கன், மெதுவாகத் திருப்புபவரையும் சேர்த்து நான் எல்லையை 5 என்று வைத்தேன். பெறுமானம் ஒரு திசையில் 5ஐத் தாண்டி, 400 மில்லிசெக்கனுக்குள் எதிர்த்திசையிலும் 5ஐத் தாண்டினால் அது ஒரு திருப்பல். இடையில் 2க்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்ததை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் எல்லைக்கு அருகில் ஏறியிறங்கும் நடுக்கம் ஒரே திருப்பலை மூன்றாகக் காட்டும். முதல் திருப்பல் முடிந்து 1.2 செக்கனுக்குள் இரண்டாவது வந்தால் சைகை ஏற்கப்படும், வராவிட்டால் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும். இந்த எண்களை அப்படியே எடுக்காமல் உங்கள் பதிவுகளில் ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்.

வலக்கையில் முதலில் எழும் திசை இடக்கையில் எதிராகிவிடும் என்பதால் எந்தத் திசை முதலில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சைகை ஏற்கப்பட்டதை அதிர்வால் அறிவிப்பது நல்லது, ஆனால் அதில் எனக்கு ஒரு கிழமையைத் தின்ற பொறி இருந்தது. அதிர்வு இயந்திரம் கைபேசியையே அசைக்கிறது, உணரி அதையும் அளக்கிறது. என் செயலி பதிவைத் தொடங்கி அதிர்ந்து, அந்த அதிர்வில் தடுமாறித் தானே பதிவை நிறுத்திக்கொண்டிருந்தது. ஏற்பு நிகழ்ந்தபின் ஒரு செக்கன் நேரம் உணரியைப் பொருட்படுத்தாமல் விடுங்கள்.

கைரோஸ்கோப் இல்லாத கைபேசியில் ஆர்முடுகலின் எக்ஸ் கூறு ஒரு பக்கம் 9.8ஐ நோக்கிச் சென்று திரும்புவதைக் கொண்டு திருப்பலை ஊகிக்கலாம். கைபேசி நிமிர்ந்து நிற்கும்போது இது வேலை செய்யாது: வை அச்சு நிலைக்குத்தாக இருந்தால் அதைச் சுற்றித் திருப்புவதால் புவியீர்ப்பின் கூறுகள் எதுவும் மாறுவதில்லை.

குலுக்கலைத்தான் இனங்காண வேண்டுமென்றால் மூன்று கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அந்தப் பருமனைக் கொண்டு முடிவு செய்யுங்கள். உணரியின் உச்ச வீச்சையும் கேட்டறியுங்கள். வரைபடத்தின் உச்சி 39.2இல் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் உங்கள் உணரி 4 ஜிக்கு மேல் அளக்கவில்லை என்று பொருள்; அதற்கு மேல் எல்லை வைத்தால் அது ஒருபோதும் எட்டப்படாது.

6. அது போதாவிட்டால்

வட்டம், சதுரம், வளைகோடு என்று வடிவங்களைப் பிரித்தறிய வேண்டுமாயின் எல்லைப் பெறுமானம் உதவாது. சிலரே பயன்படுத்தும் செயலிக்கு, ஒவ்வொருவரிடமும் சில மாதிரிகளை வாங்கி, நேரத்தை நீட்டியும் சுருக்கியும் இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முறையைப் பரிந்துரைப்பேன். விரைவாகச் செய்பவரும் மெதுவாகச் செய்பவரும் அதில் ஒன்றாகவே பொருந்துவர். பலர் பயன்படுத்துவதாயின் ஒரு செக்கன் சாளரமாக, அதாவது மூன்று அச்சுகளில் 50 மாதிரிகளாக, வெட்டி, இடை, நியம விலகல், உச்சம், இழிவு, பூச்சியத்தைக் கடக்கும் தடவை ஆகியவற்றைக் கணித்து, மாதிரிகளிலிருந்து கற்று எந்தச் சைகை என்று பிரித்துச் சொல்லும் ஒரு வகைப்படுத்தி நிரலுக்குக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை போதும். பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். ஒரே ஆளின் பதிவுகள் இரு பக்கமும் விழுந்தால் கிடைக்கும் உயர்ந்த சதவீதம் பொய். ஏழு பேரில் பயிற்றி எட்டாமவரில் சோதியுங்கள், பிறகு ஆளை மாற்றி அதையே எட்டுமுறை செய்யுங்கள். என் சதவீதம் அப்படிச் செய்தபோது பரிதாபமாக இறங்கியது. அந்த இறங்கிய எண்தான் சந்தையில் நான் கண்டதோடு ஒத்துப்போனது.

7. மேசையை விட்டு எழும்பிச் சோதியுங்கள்

வழக்கமாகச் சரியான இனங்காணலின் சதவீதத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பயன்படுத்துபவரை எரிச்சலூட்டுவது மற்றைய எண்: ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை செயலி கேட்காமல் எழும்புகிறது? இரண்டையும் ஒரு கொப்பியில் நாளாந்தம் குறியுங்கள். பத்தில் ஒரு சைகை தவறினால் சித்தப்பா மறுபடி திருப்பிக்கொள்வார்; வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை தானாகப் பதிவு தொடங்கியதற்கு அடுத்த நாள் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

திரை அணைந்திருக்கும்போதும் சைகை வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையை முதற்பதிப்பில் விட்டுவிடுங்கள். அன்ட்ரொயிட் 9இலிருந்து பின்னணியில் கிடக்கும் செயலிக்கு இந்த உணரிகளின் அளவீடுகள் வருவதில்லை, ஒலிவாங்கியும் கிடைப்பதில்லை. நிலையான அறிவிப்போடு ஓடும் சேவையாக மாற்றினால் வழியுண்டு, ஆனால் மின்கலமும் வெளியீட்டு விளக்கங்களும் சேர்ந்து சிக்கலாகும். நான் திரையை மங்கலாக எரியவிட்டு, ஈரத்துளி பட்டு எதுவும் அழுத்துப்படாதபடி தொடுகையைப் புறக்கணித்து, செயலியை விட்டு வெளியேறியதும் உணரியின் அளவீடுகளைப் பெறுவதை நிரலில் ஒரு வரியால் நிறுத்திவிட்டேன். அந்தக் கடைசி வரியை மறந்தால் மின்கலம் மதியத்துக்கு முன் தீரும்.

8. வெளியிடுதல்: ஆவணம், செலவு, காலம்

வீட்டாருக்கு மட்டுமென்றால் நிறுவற்கோப்பை நேரடியாக அவர்களின் கைபேசியில் ஏற்றிவிடுங்கள், செலவில்லை. உலாவியிலும் அசைவுணரிகளை வாசிக்க முடியும். பாதுகாப்பான இணைப்பு இருக்க வேண்டும், ஐபோனில் பதிப்பு 13இலிருந்து பயனர் ஒரு பொத்தானைத் தொட்ட பிறகே அனுமதி கேட்கலாம். ஒரு மாதிரியைக் காட்டுவதற்கு இது தாராளமாகப் போதும்.

பொதுவில் வெளியிடுவதானால் கூகிள் பிளேயில் உருவாக்குநர் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 7,500 ரூபாய். அப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர், அதோடு மக் கணினியும் வேண்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள்.

அடையாளச் சரிபார்ப்புக்கு அரச அடையாள ஆவணம் ஒன்றும், கேட்டால் முகவரிச் சான்றும் தேவைப்படும். எம்மவர் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரை முன்னால் எழுதுகிறோம். படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கிறது. நான் கொடுப்பனவு விவரத்தில் தந்தை பெயரைச் சுருக்கி முதலெழுத்தாகவும், ஆவணத்தில் உள்ளபடி மற்றோரிடத்தில் முழுதாகவும் எழுதி என் விண்ணப்பத்தை நானே கெடுத்துக்கொண்டேன். கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலை எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை என்பதால் கடவுச்சீட்டோ புதிய அட்டையோ வைத்திருப்பது நல்லது.

ஒலிவாங்கி அனுமதி கேட்கும் செயலிக்குத் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்க வேண்டும். கூகிள் பிளேயின் தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் எழுதுவதும் அந்தக் கொள்கையும் முரண்படக் கூடாது.

2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காயின், குறைந்தது 12 பேர் தொடர்ச்சியாக 14 நாள், நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் பங்கேற்கும் மூடிய சோதனையில் இணைந்திருந்தால்தான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பன்னிருவரைப் பிடிப்பது எளிதென்றே தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் தம் கைபேசியிலுள்ள கூகிள் கணக்கின் முகவரியைச் சொல்ல வேண்டும், அதைத்தான் பலரால் சொல்ல முடியாது. கைபேசி வாங்கிய அன்று கடைக்காரரோ மருமகனோ திறந்துகொடுத்த கணக்கு அது. ஒவ்வொரு வீடாகப் போய் நானே பார்த்துக் குறித்துக்கொண்டேன். விண்ணப்பித்தபின் பரிசீலனைக்கு வழக்கமாக ஏழு நாள்வரை செல்லும். சரிபார்ப்பும் சேர்த்து, பணம் கட்டிய நாளிலிருந்து ஒன்றரை மாதமாவது கணக்கில் வையுங்கள். செயற்றிட்ட ஒப்படைப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

சோதனைக்குச் சரியாகப் 12 பேரை மட்டும் சேர்க்காதீர்கள், 16 பேரைச் சேருங்கள். நான் நல்லூர் மஞ்சத் திருவிழாவுக்கு மறுநாள் பன்னிருவரோடு தொடங்கினேன். பதின்மூன்று நாள் கடந்து தேர்த் திருவிழா வந்தபோது, தேரைப் படமெடுக்கக் கைபேசியில் இடம் போதவில்லையென்று என் மச்சான் செயலியை அழித்து, சோதனையிலிருந்தும் விலகியிருந்தார். அடுத்த பதினான்கு நாளைத் தீர்த்தம் முடிந்த கிழமையில் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.